கீரிப்பாறை: குளித்துவிட்டு வருவதற்கு மட்டும்தானா?

கன்னியாகுமரி மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவில் வருவது மூன்றே மூன்று விஷயங்கள்தான். சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை. 2024 டிசம்பர் 30 அன்று பாறையையும் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலமும் திறக்கப்பட்டுவிட்டது. வருகிறவர்கள் படகில் ஏறுகிறார்கள், பாலத்தில் நின்று படம் எடுக்கிறார்கள், சங்கு மாலையும் சிப்பி பொம்மையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் வடக்குத் திசையில் ஒரு முழு மலைத்தொடரே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

அந்த மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் கீரிப்பாறை. சில வருடங்களுக்கு முன்புவரை நாகர்கோவில்காரர்களிலேயே பாதிப்பேர் அந்தப் பக்கம் போனதில்லை. இப்போது கைபேசி வீடியோக்களின் புண்ணியத்தில் நிலைமை மாறிவிட்டது. சனி, ஞாயிறு ஆனால் போதும், இருசக்கர வாகனங்கள் வரிசை கட்டி மலை ஏறுகின்றன.

இது நல்லதா, கெட்டதா? "இயற்கையைப் பார்க்கத்தானே போகிறார்கள், போகட்டுமே" என்பது ஒரு கட்சி. "கூட்டம் போனால் காடு அழிந்துவிடும், ஒருவரையும் விடக்கூடாது" என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியுமே ஒரு விஷயத்தை மறந்துவிடுகின்றன. கீரிப்பாறையில் அருவி மட்டும் இல்லை, ஜனங்களும் இருக்கிறார்கள்!

கடலுக்குப் பக்கத்தில் ஒரு மலைக்கிராமம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் பரப்பளவு 1,672 சதுர கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டின் சின்ன மாவட்டங்களில் ஒன்று. ஆனால் அந்தச் சின்ன இடத்துக்குள் 70 கிலோமீட்டருக்குக் குறையாத கடற்கரையும், நெல் வயலும், குளங்களும், ரப்பர் தோட்டமும், யானை நடமாடும் காடும் அடுத்தடுத்து இருக்கின்றன. காலையில் மணக்குடியில் மீனவர்கள் வலை இழுப்பதைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் கீரிப்பாறையில் மலை அட்டையிடம் கடி வாங்கலாம்!

நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்திலிருந்து அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம் வழியாகப் போனால் 20 கிலோமீட்டர் சொச்சத்தில் கீரிப்பாறை வந்துவிடும். போகிற வழியே ஒரு பாடம். முதலில் வயல். பிறகு வாழைத் தோட்டம். மட்டி, செந்துளுவன், ரசகதலி என்று குலைகள் தொங்கும். (குமரி மாவட்டத்து மட்டிப்பழத்துக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது.) அதன் பிறகு தென்னை குறைந்து, மரச்சீனியும் ரப்பரும் தொடங்கும். ரப்பர் மரங்கள் வரிசையாக, எல்லாம் ஒரே உயரத்தில், ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு சிரட்டை கட்டியபடி நிற்கும். அவற்றுக்குப் பின்னால் மேகம் உட்கார்ந்த மலை.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே கொட்டும் மாவட்டம் இது. அதனால் வருடத்தில் பல மாதங்கள் இந்தப் பக்கம் பச்சையாகவே இருக்கும்.

பார்க்க என்ன இருக்கிறது?

கீரிப்பாறையைத் தாண்டி மேலே போனால் காளிகேசம். இரண்டு மலைகளுக்கு நடுவே பெரிய பெரிய பாறைகளின் மேல் ஓடிவரும் ஆறு, கரையில் ஒரு காளி கோயில். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். அந்தப் பக்கத்திலேயே வட்டப்பாறை அருவி. குற்றாலம் மாதிரி மிரட்டும் உயரம் கிடையாது. ஆனால் சுற்றிலும் காடு, காதில் தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. அதுதான் அதன் பெருமையே.

இன்னும் மேலே மாறாமலை, பாலமோர், கரும்பாறை என்று மலைத் தோட்டங்கள். கிராம்பு விளைவது அங்கேதான். பிரியாணியில் போடும் கிராம்பு இந்தோனேசியத் தீவுகளிலிருந்து உலகம் சுற்றிய பொருள். வாசனை மிகுந்த கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூ விரிவதற்கு முன்பே மொட்டாக இருக்கும்போது கையால் கிள்ளி எடுத்து, வெயிலில் காயவைத்தால் அதுதான் கிராம்பு. ஒருநாள் தாமதித்துப் பூ விரிந்துவிட்டால் விலை போகாது.

இந்தக் காடுகள் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தின் பகுதி. 2008ல் அறிவிக்கப்பட்ட இந்தச் சரணாலயம் சுமார் 402 சதுர கிலோமீட்டர். அதாவது மாவட்டத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு! யானை, காட்டெருமை, மிளா, கருங்குரங்கு, இருவாச்சி எல்லாம் இங்கே உண்டு. புலியும் உண்டு. 2023 ஜூலையில் இதே மாவட்டத்தின் சிற்றாறு ரப்பர் தோட்டக் குடியிருப்புப் பக்கம் ஒரு புலி இறங்கி ஆடுகளை அடித்து, பல நாள் தேடலுக்குப் பிறகு பிடிபட்ட செய்தியைப் பலரும் படித்திருப்பார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், இது பூங்கா இல்லை, காடு. இந்த வித்தியாசம் தெரிந்துகொண்டு போனாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வீடியோவில் வராத ஆட்கள்

பயணிகள் எட்டு மணிக்கோ ஒன்பது மணிக்கோ கீரிப்பாறைக்கு வந்து சேர்வார்கள். அதற்குள் அந்த ஊரில் பாதி நாள் வேலை முடிந்திருக்கும்.

ரப்பர் பால் வெட்டுவது வெயில் ஏறுவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை. விடியற்காலைக் குளிரில் மரத்துக்குள் பாலின் அழுத்தம் அதிகமாக இருக்கும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அதனால் இருட்டோடு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆண்களும் பெண்களும் தோட்டத்துக்குப் போகிறார்கள். ஒருவருக்கு சுமார் 300 மரங்கள் என்று வைத்துக்கொண்டால், 300 தடவை குனிந்து நிமிர்ந்து, பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழமாக வெட்டினால் மரம் கெட்டுவிடும், மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. வெட்டி முடித்துவிட்டுத் திரும்ப வந்து, சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்துகொண்டு போக வேண்டும். வெட்டில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பாலையும் உரித்தெடுக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாள் தொழிலாளி கையில் காசும் குறைவு. அருவியில் தண்ணீர் நிறைய விழும் மாதங்கள் பயணிக்குக் கொண்டாட்டம், பால்வெட்டுக்காரர் வீட்டில் திண்டாட்டம்!

இந்தத் தோட்டங்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ரப்பர் மரமே இந்த மண்ணின் மரம் இல்லை. 1876ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து இலங்கை, மலேயா, திருவிதாங்கூர் என்று பரவியது. கன்னியாகுமரி 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்த பிறகு, 1961ல் வனத்துறை மூலம் இங்கே அரசு ரப்பர் தோட்டம் தொடங்கப்பட்டது. 1984ல் அது அரசு ரப்பர் கழகம் என்ற தனி நிறுவனமானது. கீரிப்பாறை அதன் முக்கியமான பிரிவுகளில் ஒன்று.

மரம் மட்டும் கடல் தாண்டி வரவில்லை, மனிதர்களும் வந்தார்கள். 1964ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவானது. ஆட்களைக் கணக்குப் பார்த்துப் பங்கு பிரித்த ஒப்பந்தம் அது. "தாயகம் திரும்பியோர்" என்று பெயர் வைக்கப்பட்ட அந்த மக்களில் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்குக் குமரி மாவட்ட அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை தரப்பட்டது. தேயிலை கிள்ளிப் பழகிய கைகள் ரப்பர் கத்தியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டன.

ஆக, "யாரும் இல்லாத அழகான இடம்" என்று வீடியோவில் தலைப்புப் போடுகிறார்களே, அந்த இடத்தில் இரண்டு நாட்டின் வரலாற்றைச் சுமந்துகொண்டு குடும்பங்கள் வாழ்கின்றன. கூலி உயர்வு கேட்டு அவர்கள் எத்தனையோ முறை வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். 2022லும் அப்படி ஒரு போராட்டம் நடந்தது. அந்தச் செய்தியைவிட அருவி வீடியோவைப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

இவர்களுக்கெல்லாம் முன்பே இந்த மலைகளில் வாழ்ந்தவர்கள் காணிக்காரர்கள். தேனும் கிழங்கும் மருந்துச் செடியும் அறிந்த பழங்குடியினர். காட்டின் எந்த மூலையில் எது இருக்கிறது என்று வரைபடம் இல்லாமல் சொல்லக்கூடியவர்கள்.

மேலே போட்டது கீழே வரும்

வட்டப்பாறை அருவி பழையாற்றின் நீர்வழியில் இருப்பது. பழையாறு மலையடிவாரத்தில் கிளம்பி, நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பாய்ந்து, நாகர்கோவில் ஓரமாக வந்து, சுசீந்திரத்தைத் தொட்டு, மணக்குடியில் கடலில் கலக்கிறது. வழியில் அதோடு உறவுள்ள சுசீந்திரம் - தேரூர் குளங்கள் 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வந்து இறங்கும் நீர்நிலைகள் அவை.

மணக்குடியில் ஆறு கடலைச் சேரும் இடத்தில் இரண்டு மீனவக் கிராமங்கள், மேலமணக்குடி, கீழமணக்குடி. இரண்டையும் இணைத்த பாலத்தை 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்துக்கொண்டு போனது. பிறகு புதிய பாலம் கட்டப்பட்டு, தமிழகத்தின் முன்னாள் மீன்வளத் துறை அமைச்சர் லூர்தம்மாள் சைமன் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள் இருக்கின்றன. மீன் குஞ்சுகள் வளரும் தொட்டில் அவை.

இப்போது யோசித்துப் பாருங்கள். மலையில் ஒருவர் வீசும் பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் அங்கேயே தங்கிவிடுமா? ஒரு நல்ல மழை போதும். நாகர்கோவில் நகரத்துச் சாக்கடையும் இதே ஆற்றில்தான் சேர்கிறது என்பதும் உண்மை. நகரத்துக் கழிவோடு ஒப்பிட்டால் பயணி போட்டது கொஞ்சம்தான். ஆனால் நகரத்துக்குக் கீழே ஆறு கெட்டுப்போனதால்தான் நகரத்துக்கு மேலேயாவது அது சுத்தமாக இருக்க வேண்டும். கெடாமல் மிச்சம் இருக்கும் பகுதியே அதுதான்.

மலையும் கடலும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதை ஒக்கி புயல் காட்டியது. 2017 நவம்பர் 30 அன்று அந்தப் புயல் குமரிக் கடலைக் கடந்து போனது. கடலில் இருந்த மீனவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அதே காற்று மலையடிவாரத்தில் ரப்பர் மரங்களையும் வாழைகளையும் முறித்துப் போட்டது. ரப்பர் மரம் நட்டு ஏழு வருடம் ஆனால்தான் பால் வெட்ட முடியும். ஒரே இரவில் விழுந்த மரத்துக்குப் பதில் இன்னொரு மரம் பால் தர அத்தனை வருடக் காத்திருப்பு. கடற்கரையில் ஒரு வீடும் மலையில் ஒரு வீடும் ஒரே நாளில் பிழைப்பை இழந்தன.

நல்ல நாளிலும் இந்த உறவு உண்டு. கடற்கரைச் சாளையும் அயிலையும் மலையடிவாரம்வரை விலைக்கு வருகின்றன. மலைப்பக்கத்து மரச்சீனிக்கிழங்கு கடற்கரைக்கு இறங்குகிறது. அவித்த கிழங்கும் மீன்கறியும் சேர்ந்த தட்டுதான் இந்த மாவட்டத்தின் உண்மையான வரைபடம்.

எங்கே தப்பு நடக்கிறது?

ஞாயிற்றுக்கிழமைப் பயணம் ஒன்றின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நான்கு நண்பர்கள், இரண்டு வண்டி. பெட்ரோல் நகரத்தில். பிரியாணிப் பொட்டலம் நகரத்தில். தண்ணீர் பாட்டில், சிப்ஸ் எல்லாம் நகரத்தில். மலையில் குளிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், திரும்புகிறார்கள். அந்த ஊரில் அவர்கள் செலவழித்தது நான்கு கட்டன் சாயா. விட்டுவந்தது நான்கு பாட்டில், நான்கு பொட்டலம், சில சமயம் உடைந்த கண்ணாடி. பணமெல்லாம் கீழே, குப்பையெல்லாம் மேலே! இதற்குப் பெயர் சுற்றுலா வளர்ச்சியா?

உடைந்த மதுப்பாட்டில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாறை இடுக்கில் கிடக்கும் கண்ணாடிச் சில்லு காட்டு மிருகத்தின் காலையும் கிழிக்கும், மறுநாள் அங்கே துணி துவைக்க வரும் பெண்ணின் காலையும் கிழிக்கும். நல்ல மருத்துவம் வேண்டுமென்றால் நாகர்கோவில் பக்கம் ஆசாரிப்பள்ளத்துக்குத்தான் போக வேண்டும். தினக்கூலிக்காரர் ஒருவர் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு பத்து நாள் உட்கார்ந்தால் அந்தப் பத்து நாள் கூலியை யார் தருவார்கள்?

குமரி மாவட்டத்துக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு, வெட்கமும் உண்டு. தமிழ்நாடு முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1ல்தான். அதற்குப் பல வருடம் முன்பே, 2010 வாக்கில், ராஜேந்திர ரத்னூ ஆட்சியராக இருந்தபோது பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக இந்த மாவட்டம் பெரிய முயற்சி எடுத்தது. ஊரெல்லாம் துணிப்பையும் வாழையிலையும் திரும்பி வந்தன. அப்படி வழிகாட்டிய மாவட்டத்தின் ஆற்றங்கரையில் இன்று பை கிடக்கிறதென்றால், சட்டம் மட்டும் போதாது என்றுதானே அர்த்தம்?

அடுத்தது உயிர் ஆபத்து. மலை ஆற்றின் குணம் சமவெளி ஆற்றின் குணம் இல்லை. காளிகேசத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் திடீரென்று கலங்கும், சருகும் குச்சியும் வரும், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆள் மட்டத்துக்கு வெள்ளம் வந்துவிடும். உள்ளூர்க்காரர்களுக்கு அந்த அறிகுறி தெரியும். "எறங்காண்டாம் மக்களே, மேல மழ கெடக்கு" என்று சொல்லவும் செய்வார்கள். "அண்ணே, அஞ்சு நிமிஷம்தான்" என்று இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அப்புறம் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி இழுக்க வேண்டியதும் அதே உள்ளூர்க்காரர்கள்தான்.

யானை விஷயமும் அப்படியே. தோட்டத்து ஓரம் யானை வருவது அந்த ஊருக்குப் பழக்கம். யானை நின்றால் இவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். ஹாரன் அடித்து, விளக்கைப் போட்டு, படம் எடுக்கக் கிட்டப் போனால் மிரண்ட யானை என்ன செய்யும்? படம் எடுத்தவர் வண்டியில் ஏறிப் போய்விடுவார். மறுநாள் விடியற்காலை இருட்டில் அந்த யானை இருக்கும் பாதையில் நடக்க வேண்டியது பால் வெட்டப் போகிற பெண்.

மூடிவிடலாமா?

இத்தனையும் படித்த பிறகு "பேசாமல் யாரையும் விடாமல் கதவை மூடிவிட்டால் என்ன?" என்று தோன்றலாம். மூடுவதால் நன்மை இல்லாமலில்லை. தாய்லாந்தின் மாயா விரிகுடாவை ஒரு திரைப்படம் உலகப் புகழாக்கியது. கூட்டம் தாங்காமல் பவளப்பாறைகள் நாசமாயின. 2018ல் மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள், அதுவும் ஆள் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடு. அந்த இடைவெளியில் குட்டிச் சுறாக்கள் திரும்பி வந்தன.

ஆனால் கீரிப்பாறையை நிரந்தரமாக மூடினால் ஊருக்கு என்ன கிடைக்கும்? ரப்பர் விலை ஏறி இறங்கும், மழை வந்தால் கூலி நிற்கும் என்ற பிழைப்பில் இன்னொரு வருமானத்துக்கு இருந்த ஒரே வாய்ப்பும் போகும். அதோடு, யாருமே பார்க்காத காட்டுக்காகப் பேச ஆளும் இருக்காது. காட்டைப் பார்த்த பிள்ளைதான் நாளைக்கு அதை வெட்டாதே என்று சொல்லும்.

"அப்படியானால் நன்றாக வளர்த்துவிடலாம். ஹோட்டல், கடைகள், பெரிய கார் நிறுத்தம், கேளிக்கைப் பூங்கா" என்பது எதிர்முனை. அதற்கு இந்த மாவட்டத்திலேயே இடங்கள் இருக்கின்றன. கன்னியாகுமரி இருக்கிறது, திற்பரப்பு இருக்கிறது. கூட்டத்தை விரும்புகிறவர்கள் அங்கே போகலாம், அதில் தப்பே இல்லை. எல்லா அருவியையும் திற்பரப்பு ஆக்கிவிட்டால், அமைதியைத் தேடுகிறவர் எங்கே போவார்?

நடுவில் ஒரு வழி இருக்கிறது, அது கற்பனையும் இல்லை. கோவை மாவட்டம் காரமடைக்கு மேலே பரளிக்காடு என்ற மலைக்கிராமம். வனத்துறையும் அங்குள்ள இருளர் மக்களும் சேர்ந்து சூழல் சுற்றுலா நடத்துகிறார்கள். முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் அனுமதி. பரிசல் ஓட்டுவது உள்ளூர் ஆண்கள், மதியச் சாப்பாடு சமைப்பது உள்ளூர்ப் பெண்கள். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் காரங்காடு என்ற மீனவக் கிராமம் இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போவதும், திரும்பி வந்ததும் மீன் சாப்பாடு போடுவதும் அந்த ஊர் மக்களே. ஒன்று மலை, ஒன்று கடல். இரண்டிலும் விதி ஒன்றுதான். விருந்தாளி எத்தனை பேர் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும், வருமானம் வீட்டுக்காரர் கைக்கும் வருகிறது.

எண்ணிக்கைக் கட்டுப்பாடு மக்களுக்குப் பிடிக்காது என்பார்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்களும் பாஸ் எடுத்துக்கொண்டு போகத்தானே செய்தார்கள்?

பங்கு கொடுப்பது என்ற விஷயத்துக்கும் முன்மாதிரி இதே மலைத்தொடரில் இருக்கிறது. 1987ல் அகத்தியமலைப் பக்கம் ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிகளுக்குக் காணிக்காரர்கள் வழிகாட்டினார்கள். விஞ்ஞானிகள் களைத்துப்போக, காணிக்காரர்கள் ஏதோ ஒரு சின்னப் பழத்தைத் தின்றுவிட்டு அலுக்காமல் நடந்தார்கள். கேட்டபோது ஆரோக்கியப்பச்சைச் செடியைக் காட்டிக்கொடுத்தார்கள். திருவனந்தபுரம் பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995ல் ஒரு மருந்து நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. கிடைத்த தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடானது. அதிலும் குறைகள் பேசப்பட்டன, எல்லாக் காணி மக்களுக்கும் பயன் போய்ச் சேரவில்லை. ஆனாலும் "வழிகாட்டியவனுக்கும் பங்கு உண்டு" என்ற கொள்கையை உலகமே திரும்பிப் பார்த்தது. செடிக்குப் பொருந்தும் நியாயம் அருவிக்குப் பொருந்தாதா?

என்ன செய்யலாம்?

1. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வனத்துறை கணக்கு வைத்து, முன்பதிவில் அனுமதிக்கலாம். மேலே மழை என்றால் அன்றைக்கு அனுமதி இல்லை, பேச்சுக்கே இடமில்லை.

2. உள்ளூர் இளைஞர்களுக்கும் காணி இளைஞர்களுக்கும் வழிகாட்டியாகப் பயிற்சி கொடுக்கலாம். ஆற்றின் அறிகுறி தெரிந்தவர் ஒருவர் கூட வந்தால் பல உயிர்கள் தப்பும்.

3. தோட்டத்துப் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்குச் சாப்பாட்டுப் பொறுப்பைக் கொடுக்கலாம். வாழையிலையில் மரச்சீனியும் மீன்கறியும். பொட்டலமும் மிச்சம், வருமானமும் மிச்சம்.

4. கட்டணத்தில் ஒரு பகுதி அந்த ஊருக்கே போக வேண்டும். பள்ளிக்கூடம், பஸ் வசதி, மருத்துவ வசதி என்று எதற்குச் செலவானது என்று பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

5. பாட்டிலையும் பையையும் சோதனைச் சாவடியில் எண்ணி, திரும்பும்போது சரிபார்க்கலாம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு வழியிலேயே சோதனை இருக்கும்போது இங்கே ஏன் முடியாது?

அரசு செய்யும்வரை பயணிகள் காத்திருக்க வேண்டியதில்லை. அனுமதி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புவது, வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போவது, அந்த ஊர்க் கடையில் சாப்பிடுவது, கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவருவது, ரப்பர் சிரட்டையை விளையாட்டுக்குக்கூடத் தொடாமல் இருப்பது (அது ஒருவருடைய கூலி!), இருட்டுவதற்கு முன்பே இறங்கிவிடுவது. இதற்கெல்லாம் அரசாணை தேவையில்லை.

ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போகிறவர் செருப்பை வாசலில் கழற்றுகிறார், வீட்டில் உள்ளவர்களை நலம் விசாரிக்கிறார், கை கழுவிய தண்ணீரைக் கூடத்தில் கொட்டுவதில்லை. யாரும் சட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்ததில்லை, பழக்கம்தான். கீரிப்பாறைக்கு மலை ஏறும்போதும் அந்தப் பழக்கத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போனால் போதும். அடுத்த மழைக்கும் காளிகேசத்துத் தண்ணீரில் கூழாங்கல் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இறங்கிப் போன பிறகு, திங்கட்கிழமை விடியற்காலை இருட்டில் கத்தியோடு கிளம்பும் பெண்ணும் காலில் கண்ணாடி குத்தாமல் வேலைக்குப் போய்ச் சேருவார்.